‘ஆக்குபையர்’: பட்டாசு ஆலைகளில் ஒரு பதவிச்சொல்லின் பொருளும் வழக்கும்

திறவுச்சொற்கள்: பதவிச்சொல், சட்டத்தமிழ், ஏவுதற் கருத்தா, உள்குத்தகை, சிவகாசி

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலையைச் சார்ந்து வழங்கும் பதவிச்சொற்கள் பல. முதலாளி, ஓனர், லைசென்ஸ்தாரர், மேனேஜர், போர்மேன், கணக்கப்பிள்ளை, லீசுக்காரர் என அவை பேச்சிலும் செய்தியிலும் உலவுகின்றன. ஆயின், ஆலையின் பாதுகாப்புக்குச் சட்டம் முதற்பொறுப்பாக்கும் ‘ஆக்குபையர்’ என்னும் சொல் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. படிவங்களில் மட்டும் வாழும் இச்சொல்லின் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

இச்சொல்லின் வேர் இலத்தீன். கைக்கொள்ளுதல், இடத்தைப் பிடித்தல் என்பன அதன் பழம்பொருள்கள். பொதுவழக்கில், உரிமை யாருடையதாயினும் ஒரு மனையிலோ நிலத்திலோ இருப்பவரை அது சுட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டங்கள் இதனைத் தமதாக்கிக்கொண்டன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையின் அலுவல்கள்மீது இறுதிக் கட்டுப்பாடு உடையவர் என்று இதனை வரையறுத்தது. 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அவ்வரையறையைத் தொடர்ந்தது. இடத்தைக் குறித்த சொல் அதிகாரத்தைக் குறிக்கலாயிற்று. இடம்பெயர்ந்த இப்பொருளே மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்கிறது.

1984இல் நிகழ்ந்த போபால் பேரழிவுக்குப் பின், 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பொருளை மேலும் இறுக்கியது. நிறுமமாயின் இயக்குநருள் ஒருவர், கூட்டாண்மையாயின் பங்காளருள் ஒருவர் ஆக்குபையராகக் கொள்ளப்படுவார். ஊழியர் ஒருவரை அவ்விடத்தில் நிறுத்தி நிறுமம் விலகிக்கொள்ள இயலாது என்பதை 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

நம் இலக்கண மரபு இங்கே பெரிதும் துணைசெய்கிறது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா எனப் பிரிப்பர். கோயிலைக் கட்டியவர் சிற்பியா அரசரா என்ற பழைய வகுப்பறை வினா நினைவுக்கு வரலாம். ஆலையில் மருந்து கலப்பதை மேற்பார்க்கும் போர்மேன் இயற்றுதலுக்கு அருகில் நிற்பவர். ஆக்குபையர் ஏவுதற் கருத்தா. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, மீறலுக்கு ஆக்குபையரையும் மேலாளரையும் குற்றவாளிகளாக்கியது. போர்மேனை அது பெயர் சுட்டவில்லை. ஆனால் விபத்துக்குப் பின் குற்றவியல் வழக்குகளில் நாம் காணும் செய்தித் தலைப்பு ‘போர்மேன் கைது’ என்பதே. ஏவுதற் கருத்தாவுக்கு வழக்கில் ஒரு தமிழ்ப்பெயர் இல்லாமையும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. பெயரில்லாதவரை எழுவாயாக்கி வாக்கியம் அமைப்பது கடினம்.

உள்குத்தகை இச்சிக்கலைக் கூர்மையாக்குகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறு பலர் குத்தகைக்கு எடுத்து உற்பத்தி செய்வது விதிகளுக்கு முரணானது. எனினும் 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் பெருவிபத்துகள் நேர்ந்த பின் இவ்வழக்கம் குறித்த விவாதம் வலுவாக எழுந்தது. அங்கே ‘உரிமையாளர்’ என்றால் நிலத்தாரா, உரிமம் பெற்றவரா, லீசுக்காரரா? ‘அனுபோகதாரர்’ என்றால், பழைய பொருளின்படி, அறையில் இருக்கும் லீசுக்காரரையே அது சுட்டிவிடும். இறுதிக் கட்டுப்பாடு உடையவர் நழுவிவிடுவார். ‘முதலாளி’ முதலீட்டைச் சொல்லும், பொறுப்பைச் சொல்லாது.

‘ஆள்’ என்னும் வேரே பொருத்தமானது. நம் கிரயப் பத்திரங்களில் ‘ஆண்டனுபவித்து’ என வரும் தொடரில் இருத்தற்பொருளும், ‘அரசாளுதல்’ என்பதில் கட்டுப்பாட்டுப் பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலச் சொல் கடந்துவந்த வழியை இவ்வேர் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘ஆலையாளுநர்’ எனின் மாநில ஆளுநரும், ‘ஆலையாட்சியர்’ எனின் மாவட்ட ஆட்சியரும் குறுக்கிடுவர். சிற்றாலை உரிமங்கள் மாவட்ட நிருவாகத்திடமே பெறப்படுவதால் பின்னதன் குழப்பம் சிறிதன்று. ‘ஆலையாள்வோர்’ பன்மையாய் ஒலித்து, ஒருவரையே காட்டவேண்டும் என்னும் சட்டநோக்கைத் தளர்த்தும். ஆகவே ‘ஆலையாள்பவர்’ என்னும் வடிவத்தை முன்வைக்கிறேன். அறிவிப்புப் பலகையிலும் முதல் தகவல் அறிக்கையிலும் ஒருசேர எழுதத்தக்க எளிமை அதற்கு உண்டு.