காசாகவா, ஓய்வாகவா?

ஒன்ராறியோ மாகாணத்தின் 2000ஆம் ஆண்டு வேலைத்தரச் சட்டம், தொழிலாளிக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சம் இவ்வளவு என்று வரையறுத்துவிட்டு, அந்த வரம்புக்குக் கீழே இறங்க அவரே சம்மதித்துக் கையெழுத்திட்டாலும் அச்சம்மதம் செல்லாது என்று கண்டிப்பாகச் சொல்லுகிறது. ஆனால் சேர வேண்டியதைக் காசாகப் பெறுவதா, ஓய்வாகப் பெறுவதா என்பது போன்ற சில விஷயங்களில் மட்டும், அதே சட்டம் அவருடைய சம்மதத்தை நாடி நிற்கிறது. ஸ்காபரோவில் நம்மவர் பலர், வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே, நீட்டிய காகிதங்களில் எல்லாம் வாசியாமலே கையெழுத்திடுவதைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். அந்தக் காகிதங்களுக்குள்ளேதான் இத்தேர்வுகளிற் பல அடங்கிக் கிடக்கின்றன. (வங்கி, விமானப் போக்குவரத்து, தொலைபேசி நிறுவனம் ஆகியவற்றில் பணிபுரிவோரை ஆள்வது மத்திய அரசின் சட்டம், அவர்கள் கணக்கு வேறு.)

மணிக்கு 20 டொலர் வீதம் வாரம் 40 மணி நேரம் உழைத்து 800 டொலர் ஈட்டும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். ஓராண்டு நிறைந்ததும் அவருக்கு 2 வார விடுமுறையும் ஈட்டிய சம்பளத்தில் 4 சதவீதமும் உரியவை. 5 ஆண்டு நிறைந்தபின் அவை 3 வாரமும் 6 சதவீதமும் ஆகின்றன. அந்த விடுமுறைப் பணத்தைச் சம்பளந்தோறும் சேர்த்து வாங்கிக்கொள்ள எழுத்தில் சம்மதித்தால் வாரத்துக்கு 32 டொலர் கூடுதலாக வரும். வாங்காமல் சேர விட்டால் 50 வாரத்தில் அது 1,600 டொலராகி, சரியாக இரண்டு வாரச் சம்பளமாக நிற்கும். சில மாதங்களே நீடிக்கும் வேலையானால் அவ்வப்போது வாங்கிக்கொள்வதே உத்தமம். நிரந்தர வேலையில் இருக்கும் குடும்பஸ்தருக்கோ, சேர விடுவதையே நான் சிபாரிசு செய்வேன். ஏனெனில் வாரந்தோறும் வரும் 32 டொலர் மளிகைக் கடையில் கரைந்து, ஓய்வெடுக்கும் காலம் வரும்போது கையில் காசில்லை என்ற ஒரே காரணத்தால் ஓய்வே கைவிடப்படுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். பணத்தை முன்பே பெற்றவருக்கு விடுமுறை கிடையாது என்று எந்த மேலாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். காசு வந்தாலும் நாட்களின் உரிமை அப்படியே இருக்கிறது, சம்பளச் சீட்டிலும் அத்தொகை தனியாகக் காட்டப்பட வேண்டும்.

வாரத்தில் 44 மணி நேரத்தைத் தாண்டினால், பெரும்பாலான தொழில்களில் ஒன்றரை மடங்கு கூலி. 50 மணி உழைத்தவர் மேலதிகமான 6 மணிக்கு 180 டொலர் பெறலாம், அல்லது சம்மதித்து 9 மணி நேரச் சம்பள ஓய்வாக எடுக்கலாம். இரண்டும் ஒரே பெறுமதி என்பதால் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கனடா தினம் போன்ற பொது விடுமுறை நாளில் வேலை செய்தால் தராசு சமமாக நிற்பதில்லை: எழுத்தில் உடன்பட்டால் விடுமுறைச் சம்பளம் 160 டொலரும் ஒன்றரை மடங்குக் கூலி 240 டொலரும் சேர்ந்து 400 டொலர், மாற்று நாளாக எடுத்தால் அன்றைய கூலி 160 டொலரும், ஓய்வெடுக்கும் நாளுக்கு 160 டொலருமே. அந்த 80 டொலரை இழந்தாலும் பிள்ளைகளோடு ஒரு நாள் வேண்டும் என்பவர் அறிந்தே இழக்கட்டும். எல்லாவற்றிலும் அதிக ஜாக்கிரதை வேண்டியது, உழைத்த மணிகளைப் பல வாரங்களுக்குச் சராசரியாக்கும் உடன்படிக்கையில்தான். அதில் கையெழுத்திட்டவர் ஒரு வாரம் 54 மணியும் மறு வாரம் 34 மணியும் உழைத்தால், சராசரி 44 என்று ஆகி, 10 மணிக்குரிய மேலதிகக் கூலி மறைந்துவிடுகிறது.

இனி, குழந்தை பிறக்கும் வீடு. வேலையைக் காக்கும் பிரசவ விடுப்பு 17 வாரமும், அதைத் தொடர்ந்து பெற்றோர் விடுப்பு 61 வாரமும் மாகாணச் சட்டம் தருபவை. அக்காலத்துக்குக் காசு தருவது மத்திய அரசின் வேலைக் காப்புறுதி. அதில் பெற்றோருக்கான உதவி இருவகை. முதல் வகையில் ஒருவருக்கு அதிகபட்சம் 35 வாரம், சம்பளத்தில் 55 சதவீதம். மற்றதில் 61 வாரம், 33 சதவீதம். நம் உதாரணத் தாய்க்கு முன்னது வாரம் 440 டொலர் வீதம் 15,400. பின்னது வாரம் 264 டொலர் வீதம் 16,104. இருபத்தாறு வாரம் அதிகம் இருந்தும் மொத்தத்தில் கூடுவது 704 டொலர்தான். நீண்ட வகையை எடுத்துவிட்டு, வீட்டு வாடகை நெருக்க, 35ஆம் வாரத்தோடு வேலைக்குத் திரும்புகிறவர் பெற்றிருப்பது 9,240 மட்டுமே. குறுகிய வகையை எடுத்திருந்தால் அதே காலத்தில் 6,160 டொலர் அதிகமாக வந்திருக்கும். ஆகையால், ஓராண்டுக்கு மேல் வீட்டில் இருப்பது உறுதியானவர் அன்றி மற்றவர் நீண்ட வகையை நாடாதிருப்பதே நலம். பெற்றோர் இருவரும் ஒரே வகையையே தேர வேண்டும், முதல் தொகை வந்து சேர்ந்தபின் மாற்றவும் இயலாது. எனவே விண்ணப்பத்தை நிரப்ப உட்காருவதற்கு முன்பே, குழந்தைக் காப்பகத்தில் எந்த மாதம் இடம் கிடைக்கும், ஊரிலிருந்து வரும் அம்மம்மா எத்தனை நாள் தங்குவார் என்பவற்றை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.