வீட்டிலே மண்புழு உரம்: செய்முறையும் சில மஸ்அலாக்களும்

காய்கறித் தோலையும் பழத்தோலையும் ஒரு பையில் முடிந்து தெருவோரம் போட்டுவிட்டால் வீடு சுத்தமாகிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பை எங்கே போகிறது என்று கேட்பதில்லை. நகரத்துக் குப்பை மேட்டில் மக்கும் பொருள்கள் காற்றுப் புகாமல் புதையும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பை மேடு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்து மக்களே. நம் வீட்டைச் சுத்தம் செய்து பிறர் வீட்டு மூச்சைக் கெடுப்பது அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணுவதாகுமா?

மக்கக்கூடிய குப்பையை வீட்டிலேயே உரமாக்கிக்கொள்வது இதற்கு ஓர் எளிய வழி. அதற்கு உதவுவது மண்புழு. ஆனால் இதைச் சொன்னவுடன் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "தொழுகிற வீட்டில் புழுவை வளர்ப்பதா?" என்பது ஒன்று. "சாணம் கலந்தால் நஜீஸ் ஆயிற்றே?" என்பது மற்றொன்று. முதலில் செய்முறையைப் பார்த்துவிட்டுப் பிறகு இவற்றுக்கு வருவோம்.

புழுவின் வேலை

மண்புழுவுக்குப் பல் இல்லை, நுரையீரலும் இல்லை. ஈரமான தோலின் வழியாகவே அது சுவாசிக்கிறது. ஆகவே தோல் காய்ந்தாலும் இறந்துவிடும்; தண்ணீர் தேங்கிக் காற்று இல்லாமற் போனாலும் இறந்துவிடும். நுண்ணுயிர்களால் மக்கத் தொடங்கிய பொருளை விழுங்கி, வயிற்றிலுள்ள அரைவைப் பையில் மணல் துகள்களின் உதவியால் அரைத்து, உரமாக வெளியேற்றுகிறது. சார்லஸ் டார்வின் 1881-இல் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம் நாட்டில் இத்துறையில் பெயர் பெற்றவர் சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அஹ்மத் இஸ்மாயில். வெளிநாட்டுப் புழுக்களைத் தேடாமல் நம் மண்ணின் புழுக்களையே பயன்படுத்தலாம் என்பதை அவர் வலியுறுத்தி வந்துள்ளார். நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்னும் இனம் தொட்டி உரத்துக்கு ஏற்றது.

தொட்டி தயாரிக்கும் முறை

1. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரமுள்ள பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும். அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள் இட வேண்டும். வெயிலும் மழையும் படாத நிழலில், நான்கு செங்கற்களின் மேல் வைத்து, வடியும் நீருக்குக் கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும்.

2. அடியில் இரண்டு அங்குலம் தேங்காய் நார் அல்லது சருகு. அதன்மேல் கிழித்து நனைத்த செய்தித்தாளும் காய்ந்த இலைகளும் நான்கைந்து அங்குலம். ஏற்கெனவே மக்கிய தொழுஉரமோ இலை உரமோ கிடைத்தால் சில கையளவு கலக்கலாம். புதுச் சாணம் இடக்கூடாது. அது சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும்.

3. ஈரத்தின் அளவு, பிழிந்த துணியைப் போல் இருக்க வேண்டும். கையில் எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது.

4. அரைக் கிலோ புழுவை மேலே விட்டால் தாமாகவே உள்ளே இறங்கிவிடும். ஒரு நனைத்த சாக்கால் மூடிவிட வேண்டும்.

எதை இடலாம், எதை இடக்கூடாது?

காய்கறித் தோல், கீரைக் காம்பு, வாழைப்பழத் தோல், தர்பூசணித் தோல், தேயிலைச் சக்கை, பொடித்த முட்டை ஓடு, உதிர்ந்த இலை ஆகியவற்றை இடலாம். சிறு துண்டுகளாக நறுக்கிச் சருகுக்குள் புதைத்து வைக்க வேண்டும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி போதும். புழுக்கள் பழகிய பிறகு கால் கிலோ வரை கூட்டலாம். முன்பு இட்டது குறைந்த பிறகே அடுத்தது இட வேண்டும்.

இறைச்சி, மீன், எலும்பு, பால், எண்ணெய்ப் பண்டம், ஊறுகாய், உப்பிட்ட சோறு ஆகியவை கூடா. மீந்த பிரியாணியும் நோன்புக் கஞ்சியும் உப்பும் எண்ணெயும் கொண்டவை. தொட்டிக்குள் போடுவது புழுவுக்குக் கேடு. அவற்றை வீணாக்காமல் தேவையுள்ளவர்களுக்குக் கொடுப்பதே சிறப்பு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்கள், பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை மிகுதியாக இடக்கூடாது. குர்பானியின் இரத்தமும் கழிவும் இத்தொட்டிக்கு உரியவை அல்ல. அவற்றை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

சுத்தம் பற்றிய மஸ்அலா

உயிருள்ள மண்புழு நஜீஸ் அல்ல. அதைத் தொடுவதால் ஒளு முறியாது. ஆகவே "புழுவைத் தொட்ட கையால் தொழலாமா?" என்று தயங்க வேண்டியதில்லை. மண் ஒட்டியிருந்தால் கழுவிக்கொள்வது தூய்மை.

மாட்டுச் சாணமோ ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் நஜீஸ் ஆகும். ஆனால் நஜீஸைத் தொடுவதாலும் ஒளு முறிவதில்லை. பட்ட இடத்தைக் கழுவினால் போதும். இதை நம்மில் பலர் மாற்றி விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். சாணம் கலந்த தொட்டியைக் கிளறிய உடையோடு அப்படியே தொழ நிற்பதுதான் தவறு. இவ்வேலைக்கென்று ஒரு பழைய உடையை வைத்துக்கொள்வதும், வேலை முடிந்ததும் கைகால் கழுவி உடை மாற்றுவதும் பேணுதலான முறை. தொட்டியைத் தொழும் இடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அப்பால் வைத்துவிட வேண்டும். சாணமே சேர்க்காமல் சருகும் இலை உரமும் கொண்டு செய்தால் இந்தச் சிரமமும் இல்லை.

இவ்வுரத்தில் விளைந்த கீரையும் காயும் உண்ணத் தக்கவையே. ஒட்டியுள்ள மண்ணைக் கழுவிச் சமைத்தால் போதும். இன்னும் நுணுக்கமான சட்டம் தேவைப்பட்டால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தொந்தரவுகளும் பரிகாரமும்

நாற்றம் வந்தால் தீனி மிகுந்துவிட்டது அல்லது ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இரண்டொரு நாள் எதுவும் இடாமல், காய்ந்த சருகைக் கலந்து கிளறிவிட வேண்டும். எறும்பு வந்தால் உள்ளே உலர்ந்திருக்கிறது. நீர் தெளித்து, செங்கற்களை நீருள்ள தட்டுகளில் நிறுத்த வேண்டும். சிறு ஈக்கள் மொய்த்தால் தோல்களைச் சரியாகப் புதைக்கவில்லை. எலி வராமலிருக்கத் துளைகளைக் கம்பி வலையால் மூட வேண்டும். புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று குழந்தைகள் சொல்வதுண்டு. அது உண்மையல்ல, வாயில்லா உயிரை அப்படி வதைக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லித் தருவோம்.

உரம் எடுக்கும் முறை

இரண்டு மூன்று மாதங்களில் தொட்டியில் உள்ளது கறுத்து, தேயிலைத் தூள் போலப் பொலபொலப்பாகி, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். நான்கைந்து நாட்கள் நீர் தெளிப்பதை நிறுத்தி, விரித்த சாக்கில் சிறு கூம்புகளாகக் குவித்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு அஞ்சிப் புழுக்கள் அடியில் இறங்கும். மேலிருக்கும் உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மீந்த புழுக்களை மீண்டும் புதுச் சருகில் விடலாம். ஒரு பூந்தொட்டிக்கு இரண்டு கைப்பிடி உரம் போதும். முருங்கை, கறிவேப்பிலை, மருதோன்றி எல்லாவற்றுக்கும் இடலாம்.

நாம் எறிந்துவிடும் தோலிலிருந்து ஒரு கீரைப் பாத்தி தழைக்குமானால், அல்லாஹ் அளித்த ரிஜ்கில் ஒரு பகுதியை வீண்விரயத்திலிருந்து காத்தவர்களாவோம். நம் குப்பையால் மற்றவர் துன்புறுவதும் அந்த அளவுக்குக் குறையும். இம்மாதமே ஒரு சிறு தொட்டியோடு தொடங்கிப் பாருங்கள். அகத்தூய்மையையும் புறத்தூய்மையையும் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.