தேவனுக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை

வேத பாடம்: விஞ்ஞானமும் விசுவாசமும்
வாசிக்க: யோபு 13:7-9, அப்போஸ்தலர் 17:10-12, 1 தெசலோனிக்கேயர் 5:21



"விஞ்ஞானம் வேறே, விசுவாசம் வேறே, இரண்டும் ஒத்துப்போகாது" என்று சிலர் சொல்றாங்க. வேறு சிலரோ, "விஞ்ஞானிகளே வேதத்தை நிரூபிச்சுட்டாங்க" என்று சந்தோஷப்படுகிறார்கள். முதல் கூட்டத்தாருக்குப் பதில் சொல்ல நம்மிடம் நிறைய பேர் உண்டு. இந்த மாதப் பாடத்தில் இரண்டாவது கூட்டத்தாரோடு பேச ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அது நம்ம வீட்டுக் கூட்டம்.

1. நாசாவும் காணாமற்போன நாளும்

இந்தக் கதையைக் கேட்காத விசுவாசிகள் குறைவு. அமெரிக்காவில் நாசா விஞ்ஞானிகள், சூரிய சந்திர கிரகங்களின் நிலையைக் கம்ப்யூட்டரில் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்களாம். ஓரிடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம். கணக்கில் ஒரு நாள் குறைந்ததாம். யோசுவா 10-ம் அதிகாரத்தில் 23 மணி 20 நிமிஷமும், எசேக்கியா ராஜாவின் நாளில் நிழல் பத்துப் பாகை பின்னிட்டதில் 40 நிமிஷமும் கிடைத்து, கணக்கு சரியாயிற்றாம். கன்வென்ஷன் மேடையில் இதைச் சொன்னால் ஜனங்கள் "அல்லேலூயா" என்று ஆர்ப்பரிப்பார்கள்.

பிரியமானவர்களே, இது நடக்கவில்லை. இதைப் பரப்பியவர் ஹெரால்டு ஹில் என்ற அமெரிக்கத் தொழிலதிபர். 1974-ல் அவர் எழுதிய புஸ்தகத்திலும் இது வந்தது. அப்படி ஒன்று தங்களிடத்தில் நடக்கவே இல்லை என்று நாசா மறுத்துவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். நாசா தொடங்கியதே 1958-ல்தான். ஆனால் இதே மாதிரியான "காணாமற்போன நாள்" கணக்கை 1890-லேயே சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்கர் புஸ்தகமாய் வெளியிட்டிருந்தார். அப்போது கம்ப்யூட்டரே கிடையாது! பழைய கணக்குக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டார்கள்.

அது ஏன் நடக்கவும் முடியாது என்பதற்கு ஒரு உதாரணம். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ் இப்போது கோவில்பட்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். இதை வைத்து, அது மதுரையை எப்போது விட்டிருக்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் விருதுநகரில் டிரைவர் டீ குடிக்க அரைமணி நேரம் நிறுத்தியிருந்தால், அது அந்தக் கணக்கில் தெரியுமா? தெரியாது. மதுரையில் பஸ் புறப்பட்ட நேரத்தை யாராவது எழுதி வைத்திருந்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். இன்றைய நிலையை வைத்துப் பின்னோக்கிப் போகிறது. யோசுவாவுக்கு முந்தின காலத்தில் துல்லியமாய் எழுதி வைத்த வானக் குறிப்பு ஒன்று இருந்தால்தான் ஒப்பிட முடியும். கதையில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை.

இதேபோல இன்னொரு கதை: டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பி, பரிணாமக் கொள்கையை மறுத்துவிட்டார் என்பது. டார்வின் 1882-ல் மரித்தார். இந்தச் செய்தி வெளிவந்ததோ 1915-ல், அமெரிக்காவில் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகையில், லேடி ஹோப் என்ற அம்மையார் சொன்னதாக. டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922-ல் இதை மறுத்து எழுதினார். கடைசி நேரத்தில் தகப்பன் பக்கத்திலேயே இருந்தவர் அவர். அந்த அம்மையார் அப்போது அங்கே வரவில்லை என்றும், தகப்பனார் தம் கருத்தை மாற்றவில்லை என்றும் அவர் சொன்னார். ஆதியாகமத்தை எழுத்தின்படியே போதிக்கிற ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ் என்ற அமெரிக்க ஊழியமே, இந்த இரண்டு கதைகளையும் பயன்படுத்தாதீர்கள் என்று விசுவாசிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

2. இதனால் என்ன நஷ்டம்?

"பாஸ்டர், கதை பொய்யா இருந்தா என்ன? ஜனங்களுக்கு விசுவாசம் வளருதே" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல மனதோடு கேட்டார். அவருக்கு யோபுவே பதில் சொல்கிறார். தேவனுடைய பட்சத்தில் நிற்கிறோம் என்று நினைத்து உண்மையல்லாததைப் பேசின சிநேகிதரைப் பார்த்து, தேவனுக்காக இப்படிப் பேசலாமா, அவர் உங்களை ஆராய்ந்தால் நிற்பீர்களா என்று கேட்கிறார் (யோபு 13:7-9). பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனையில், "தேவனுக்கு அநுகூலமாயிருந்தால் சொல்லலாம்" என்று ஒரு விலக்கு எழுதப்படவில்லை.

நஷ்டம் எங்கே விழுகிறது தெரியுமா? நம்ம பிள்ளைகள் மேலே. எங்கள் சபையில் ஒரு வாலிபத் தம்பி இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஒரு கூட்டத்தில் கேட்ட இந்த நாசா கதையை ஹாஸ்டலில் சாட்சியாகச் சொன்னான். கூட இருந்த பையன் போனில் தேடி, ஐந்தே நிமிஷத்தில் உண்மையை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினான். தம்பிக்கு வெட்கமான வெட்கம். லீவுக்கு வந்தபோது ஆராதனைக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "பாஸ்டர், இதைச் சொன்னவங்கதானே உயிர்த்தெழுதலையும் சொன்னாங்க? இது பொய்யின்னா அது?"

அவனுக்கு நான் சொன்னேன்: "தம்பி, யோசுவாவின் தேவனை நான் விசுவாசிக்கிறது நாசா சர்டிபிகேட் கொடுத்ததினால் இல்லை. யாரோ ஒட்டவைத்த காகிதம் கிழிந்தால் சுவர் விழுந்துபோகாது." அவன் முழுசாகச் சமாதானமாகிவிட்டான் என்று எழுத மாட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு வருகிறான், நிறைய கேள்வியோடு வருகிறான். அவனுக்காக ஜெபியுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையை அவிசுவாசி என்று முத்திரை குத்தாதீர்கள். தோமாவை ஆண்டவர் துரத்தவில்லையே! தம்முடைய காயங்களைக் காண்பித்தார் (யோவான் 20:27).

3. சோதித்தறிந்த ஒரு மூப்பர்

லண்டனில் மைக்கேல் பாரடே என்று ஒரு விசுவாசி இருந்தார். 1791-ல் பிறந்தவர். கொல்லனுடைய மகன். புஸ்தகம் பைண்டிங் செய்கிற வேலை பழகியவர். 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்று நம் வீட்டுக்கு மின்சாரம் தருகிற ஜெனரேட்டர்களுக்கு ஆதாரம் அந்தத் தத்துவம்தான். அந்தப் பெரிய விஞ்ஞானி, சாண்டமேனியர் என்ற சின்னஞ்சிறு சபையில் மூப்பராயிருந்து பிரசங்கமும் செய்தார். விஞ்ஞானமா விசுவாசமா என்று அவர் ஒன்றைத் தள்ளிவிடவில்லை.

1853-ல் இங்கிலாந்தில் ஒரு பரபரப்பு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதன்மேல் கை வைத்தால் மேஜை தானே நகருகிறது! ஆவிகள் நகர்த்துகிறது என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர். பாரடே திட்டவும் இல்லை, நம்பவும் இல்லை. சோதித்தார். மேஜைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, இடையில் மெதுவான பசையை உருட்டி வைத்தார். மேஜை முதலில் நகர்ந்தால் கீழ் அட்டை முந்தும். கை முதலில் தள்ளினால் மேல் அட்டை முந்தும். பார்த்தால் மேல் அட்டையே முந்தியிருந்தது! பிறகு, கை தள்ளினால் அசைந்து காட்டுகிற ஒரு சிறு முள்ளை எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். தங்கள் கை தள்ளுவதை அவர்களே பார்த்தவுடன் மேஜை நின்றுபோயிற்று.

இங்கேதான் நமக்குப் பாடம். அங்கே உட்கார்ந்தவர்கள் ஏமாற்றுக்காரர் அல்ல. பாரடே நம்பிக்கையான ஆட்களைத்தான் உட்கார வைத்தார். உண்மையுள்ளவர்களே, தாங்கள் தள்ளுவதை அறியாமல் தள்ளினார்கள். நாசா கதையும் அப்படித்தான் நகர்ந்தது. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளினோம். பத்திரிகையில் ஒரு தள்ளு, மேடையில் ஒரு தள்ளு, இப்போது வாட்ஸப்பில் ஒரு தள்ளு. கடைசியில் "தானே நகருது, தேவ செயல்" என்கிறோம்.

4. நாம் என்ன செய்ய வேண்டும்?

(அ) பெரோயா பட்டணத்தாரைப்போல் விசாரியுங்கள். அவர்கள் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை வேதம் குறை சொல்லவில்லை, புகழுகிறது. "விஞ்ஞானி ஒருத்தர் சொன்னார்" என்று செய்தி வந்தால் மூன்று கேளுங்கள்: யார் சொன்னது? எங்கே, எப்போது? சம்பந்தப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? பதில் கிடைக்காவிட்டால் உங்கள் கையோடு நிற்கட்டும். அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

(ஆ) சுகமானதைச் சோதிக்கக் கொடுங்கள். பத்துக் குஷ்டரோகிகளிடம் ஆண்டவர் சொன்னது என்ன? ஆசாரியர்களிடத்தில் போய்க் காண்பிக்கும்படி சொன்னார் (லூக்கா 17:14). லேவியராகமம் 14-ன்படி சுத்தமானவனைப் பரிசோதித்துச் சொல்வது ஆசாரியன் வேலை. தாம் செய்த அற்புதம் பரிசோதனைக்குப் போவதைக் குறித்து நம் ஆண்டவர் பயப்படவில்லை! ஆகையால் ஜெபத்தில் சுகம் பெற்றேன் என்கிறவர்கள் டாக்டரிடம் போய்ப் பாருங்கள். அவர் சொல்லும்வரை சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தாதீர்கள். பிறகு ரிப்போர்ட்டோடு வந்து சாட்சி சொல்லுங்கள். சபை இன்னும் அதிகமாய்க் கர்த்தரை மகிமைப்படுத்தும்.

(இ) பெற்றோரே, பிள்ளைகள் பிஸிக்ஸ், பயாலஜி படிக்கப் பயமுறுத்தாதீர்கள். வானங்களும் பூமியும் கர்த்தருடையவைகளானால், அவைகளைப் பற்றிய எந்த உண்மையும் அவருக்கு விரோதியல்ல. அவருடைய கிரியைகளை விரும்பி ஆராய்கிறதைச் சங்கீதம் 111:2 மேன்மையாகவே பேசுகிறது. தெரியாததற்கு "தெரியலம்மா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

பிரியமானவர்களே, பொய்யின் பிதா யார் என்று யோவான் 8:44-ல் வாசிக்கிறோம். அவனிடத்தில் கடன் வாங்கிக் கர்த்தருடைய வீட்டைக் கட்ட முடியாது. சத்தியமே நமக்கு அஸ்திபாரம்.

வீட்டுக் கூட்டத்தில் தியானிக்க:
1. உறுதி செய்யாமல் நாம் பகிர்கிற செய்திகள் எவை?
2. நம் வீட்டுப் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்க முடிகிறதா?
3. லூக்கா 17-ல் ஆண்டவர் ஏன் ஆசாரியரிடம் அனுப்பினார்?

ஜெபம்: சத்தியமுள்ள தேவனே, எங்கள் வாய்க்குக் காவல் வையும். உம்முடைய நாமத்தில் நாங்கள் சொல்வதெல்லாம் உண்மையாயிருக்க உதவி செய்யும். படிக்கிற எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.