ஒளியியல் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் போகிறவளுக்கு

கண்ணு, ஒளியியலில் முனைவர் பட்டம் வாங்க நினைத்தவள், இப்போது கண்ணாடி ஆலையின் தரப்பிரிவில் சேர்கிறாய். "ஆராய்ச்சி போச்சே" என்று அம்மாவிடம் அழுதாயாம். பாதி வயதைக் கல்லூரி ஆய்வகத்திலும் மீதியை ஆலையிலும் கழித்த தாத்தா சொல்கிறேன், கேள்.

1. ஆராய்ச்சி எங்கேயும் போகாது. சி.வி. ராமன் 1907 முதல் 1917 வரை நிதித்துறை அதிகாரி, பெரும்பாலும் கல்கத்தாவில். ஆபீசுக்கு முன்னும் பின்னும் பவுபஜாரில் இருந்த அறிவியல் கழகத்தின் ஆய்வகமே கதி. பேராசிரியர் நாற்காலி அதற்குப் பிறகுதான் வந்தது. சம்பளம் வரும் இடம் வேறு, மனசு தேடும் விஷயம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

2. லைனில் நிற்பவர்களிடம் கற்றுக்கொள். ஃப்ளோட் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து தகடாகிறது. அதனால் ஒரு முகம் வெள்ளீயத்தைத் தொட்டது, மறுமுகம் தொடாதது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பூச்சுப் போடுகிறவருக்கோ எது எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். இருட்டில் 254 நானோமீட்டர் புறஊதா விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார். வெள்ளீயப் பக்கம் பால் தெளித்தாற்போல மங்கலாக ஒளிரும். எனக்கு இதைப் பிடித்துக் காட்டியவர் பாலிடெக்னிக் படித்த சூப்பர்வைசர். காரணத்தை நான் அவருக்குச் சொன்னேன். கைப்பழக்கத்தை அவர் எனக்குத் தந்தார். ராமனின் உதவியாளர் ஆசுதோஷ் டே பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். ஆனாலும் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவர் பெயரிலேயே கட்டுரை வந்தது. உன் அறிக்கையிலும் ஆபரேட்டரின் பெயர் இருக்கட்டும்.

3. கருவி காட்டியதை மட்டும் எழுது. ராத்திரி ஷிப்டில் லாரி காத்து நிற்கும். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்" என்பார்கள். வெப்பம் தடுக்கும் கண்ணாடியில் வெள்ளிப்படலத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான். அதில் ஓரிரண்டு கூடினாலே பிரதிபலிக்கும் நிறம் மாறும். தனித் தகடாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டடத்தின் முகப்பில் வரிசையாக மாட்டிய பிறகு தெருவில் போகிறவர்களுக்கே தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் நிறமானியை அதன் வெள்ளை ஓட்டில் வைத்துச் சரிபார், மறுபடி அள. அப்போதும் அதே எண் வந்தால் யார் முகம் சுளித்தாலும் மாற்றாதே. ஒருமுறை வளைந்துகொடுத்தவரிடம் அடுத்த லாரிக்கும் வந்து நிற்பார்கள்.

4. லேசர் இருக்கும் இடத்தில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடு. எதிரொளி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி விஷயத்தில் மேனேஜருக்கும் விலக்குக் கிடையாது.

5. பாராட்டுக்குக் காத்திருக்காதே, ஆனால் எழுதிவை. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம் 1956-இல், இருபத்திரண்டு வயதில், தளவிளைவுற்ற ஒளியின் கட்டம் (phase) மாறுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1969-இல் முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். 1984-இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி அதே கருத்தைக் குவாண்டம் இயற்பியலில் கண்ட பிறகுதான் உலகம் அந்தப் பழைய பக்கங்களைத் தேடிப் படித்தது. இன்று தட்டை லென்ஸ் வடிவமைப்பவர்களுக்கு அவர் கண்ட கட்டம் அன்றாடக் கருவி. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அவர் தெளிவாக எழுதிவைத்ததால்தான் அது கிடைத்தது. கம்பெனி வெளியிட விடாவிட்டாலும் நோட்டில் தேதி போட்டு எழுது: எந்த விளக்கு, எந்தக் கோணம், கண்ணாடியின் எந்தப் பக்கம், அளந்தது யார்.