17 வருடம் பழகிய கை

கேள்வி: ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். போன மாதம் நைட் ஷிப்டில், விடிகாலை 3.40-க்கு, பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது. 17 வருட சர்வீஸ் உள்ளவர். மாட்டிக்கொண்ட பீஸை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். நீளமான பீஸ் என்பதால் அந்த ஜாபை மட்டும் பெடலில் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது "தெரியலை சார், கை தானா போயிடுச்சு" என்றார். மூன்றாம் முறை கேட்டபோது "அவசரப்பட்டுட்டேன்" என்று எழுதிக்கொடுத்தார். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று போட்டு ரிப்போர்ட்டை முடிக்கச் சொல்கிறது நிர்வாகம். இதற்கு நடுவே 'மூளை அறிவியல் பாதுகாப்புப் பயிற்சி' தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்து நிற்கிறது. அதில் ஏதாவது இருக்கிறதா?
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: முதலில் அந்தப் பயிற்சிக்காரர்கள். அவர்கள் ஸ்லைடில் 'மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான்' என்று இருந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், அது வெறும் கட்டுக்கதை. ஆனால் மூளையைப் பற்றி உறுதியாகத் தெரிந்த சில விஷயங்கள் உங்கள் விசாரணைக்கு உதவும். அதற்கு ஏசி ஹால் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 'அந்த ஜாபை மட்டும் பெடலில்.' அப்படியானால் மற்ற நாள்களில் அவர் ஓட்டியது டூ ஹேண்ட் பட்டனில். இரண்டு கையும் பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்கும். அது மேலே போனதும் கை உள்ளே போய்ப் பீஸை எடுக்கும். ஒரு ஷிப்டில் எத்தனை நூறு தடவை, 17 வருடத்தில் எத்தனை லட்சம் தடவை! 'என் கை பட்டனில் இல்லையென்றால் பிரஸ் இறங்காது' என்று அந்தக் கை கற்றுவைத்திருக்கிறது. அன்று ராத்திரி அந்தப் பாடம் செல்லாமல் போனது. கை பீஸைத் தேடிப் போனது, கால் தன் தாளத்தில் பெடலை மிதித்தது.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதன் பொறுப்பு மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்க்லியா என்ற நரம்புத் திரள்களுக்குப் பெருமளவு போய்விடும். யோசித்துச் செய்யும் நெற்றிப் பகுதிக்கு அதில் வேலை குறைவு. வீடு மாறிய புதிதில் வண்டி பழைய தெருவுக்கே திரும்புகிறதே, அதுவும் இதனால்தான். ஆகவே 'கை தானா போயிடுச்சு' என்பதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். நடந்ததை அவர் அப்படியே சொல்லியிருக்கிறார். நேற்று சேர்ந்த பையனாக இருந்தால் ஒருவேளை தயங்கியிருப்பான்.

'அவசரப்பட்டுட்டேன்' என்ற வாக்குமூலத்தை நான் நம்பமாட்டேன். 'ஏன் செய்தாய்?' என்று அழுத்திக் கேட்டால் மூளை ஒரு காரணத்தைத் தயார் செய்து தந்துவிடும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முகப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு கைவித்தையால் படத்தை மாற்றி, தேர்ந்தெடுக்காத முகத்தைக் கொடுத்து, 'இது ஏன் பிடித்தது?' என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. கையிலிருந்த படத்துக்குத் தகுந்த காரணத்தையும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் ஆபரேட்டரும் அப்படித்தான், அதிலும் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு.

சாட்சிகளிடம் பேசும்போது வார்த்தையில் கவனம் வையுங்கள். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் கார்கள் 'மோதியபோது' என்றும் சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 50-க்கு 7 பேர், இரண்டாவதில் 16 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'அவர் அவசரமாக இருந்தாரா?' என்று ஹெல்பரிடம் கேட்டுவிட்டால் அந்த அவசரத்தை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள். அதற்குப் பதில், பவரை நிறுத்திவிட்டு பிரஸ் பக்கத்தில் நின்று 'ஷிப்ட் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க' என்று விட்டுவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.

அடிபட்டவர் கடைசியாக எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தார்? இது ரிப்போர்ட்டில் இல்லையென்றால் சேருங்கள். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் இருவரும் 1997-இல் காட்டியது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இங்கே வண்டி ஓட்டச் சட்டம் விடும் வரம்பே 0.03. காலை பத்து மணிக்கு எழுந்தவராக இருந்தால் 3.40-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்திடம் பேச ஒரு பழைய கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானங்களைத் தரையிறக்கிய பிறகு, ஃபிளாப்பை மடக்க நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள் அமெரிக்க விமானிகள். 'விமானியின் தவறு' என்று எழுதி எழுதிப் பார்த்தும் அது நிற்கவில்லை. அல்போன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சின்ன ரப்பர் சக்கரம், இன்னொன்றில் ஆப்பு வடிவம் என்று மாட்டச் சொன்னார். விமானிகளுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

உங்கள் அடுத்த வேலை: வேறு ஆபரேட்டர்கள் அதே நீளமான பீஸை எப்படி ஓட்டுகிறார்கள் என்று ஒரு நைட் ஷிப்டில் நின்று பாருங்கள், நோட்டுப் புத்தகம் இல்லாமல். நாலு பேரில் மூன்று பேர் கை உள்ளே போனால் இது ஒருவரின் கவனக்குறைவு அல்ல. பீஸ் ஏன் மாட்டுகிறது என்று டூல் ரூமில் கேளுங்கள். பெடலில் ஓட்டும்போது கையைத் தடுக்க லைட் கர்ட்டனோ கார்டோ ஏன் இல்லை என்று புரொடக்‌ஷனில் கேளுங்கள். பட்டனிலிருந்து பெடலுக்கு மாற்றும் சாவி அன்று ராத்திரி யாரிடம் இருந்தது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.