பட்டுன்னு சொல்லி பாலியஸ்டர் வந்தா...

முகூர்த்த மாசம் பிறந்தா போதும், போனைத் தொட்டாலே ‘ஒரிஜினல் காஞ்சிபுரம், வெறும் 1,499 ரூபா, இன்னைக்கு மட்டும்’னு ரீல்ஸ் வரிசையா வந்து நிக்கும். ஆன்லைன்ல வாங்கவே வாங்காதேன்னு சொல்ல வரல தங்கச்சி. நேர்மையா விக்கிற நெசவாளர் குடும்பங்களும் அங்கதான் இருக்காங்க. ஆனா பட்டு நூல், சாயம், ஜரிகை, பல நாள் தறிக்கூலி எல்லாத்தையும் கூட்டிப் பாரு. அந்த விலை நூலுக்கே பத்தாது.

காசு போடறதுக்கு முன்னாடி, போட்டோவை விட்டுட்டு கீழ இருக்கற பொடி எழுத்தைப் படி. ‘ஆர்ட் சில்க்’னா செயற்கை இழை. ‘செமி சில்க்’, ‘காஞ்சி ஸ்டைல்’ எல்லாம் பின்னாடி தப்பிக்கறதுக்காகப் போட்டு வைக்கிற வார்த்தை. “இது சுத்தப் பட்டா? சில்க் மார்க் லேபிள் இருக்கா?”ன்னு சாட்லயே கேளு. போன்ல பேசினா சாட்சி இருக்காது. சில்க் மார்க்கை மத்தியப் பட்டு வாரியம் 2004-ல கொண்டு வந்தது. ஹாலோகிராமும் தனி நம்பரும் இருக்கும். அது கட்டாயம் கிடையாது, அதனால லேபிள் இல்லாததெல்லாம் போலின்னு சொல்லிட முடியாது. ஆனா இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லாம, “ஸ்டாக் முடியப் போகுது சிஸ்டர்”னு அவசரப்படுத்தினா அங்கயே விட்டுடு. விளம்பரம், விலை, அவங்க சொன்ன பதில், பக்கத்தோட பேரு எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. ஸ்டோரி 24 மணி நேரத்துல மறைஞ்சுடும். பக்கத்தோட பேரையே மாத்திடறவங்களும் உண்டு.

பார்சல் வந்ததும் கத்திரிக்கோலைத் தூக்காதே. முதல்ல வீடியோ ஓடணும். ஒட்டியிருக்கற லேபிள், அனுப்பினவர் முகவரி, ட்ராக்கிங் நம்பர், பிரிக்காத டேப், அப்புறம் உள்ள இருக்கற பொருள், எல்லாம் நடுவுல நிறுத்தாம ஒரே வீடியோல வரணும். அந்தக் கவரைக் குப்பையில போட்டுடாதே. இன்ஸ்டாகிராம் பக்கத்துல பெரும்பாலும் முகவரி இருக்காது. விக்கிறவங்களோட பேரும் ஊரும் உனக்குக் கிடைக்கற ஒரே இடம் பல நேரம் அந்த லேபிள்தான்.

சந்தேகம் வந்தா முந்தானை ஓரத்துல தொங்கற நூல்ல ரெண்டு இழையை மட்டும் எடுத்து, சிங்க் பக்கத்துல வச்சு, இடுக்கியால பிடிச்சுக் கொளுத்து. பட்டுன்னா முடி கருகற வாசனை வரும், சாம்பல் விரல்ல நசுங்கிப் பொடியாயிடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கெட்டியா மணி மாதிரி நிக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, பாவு பட்டாவும் ஊடை வேற இழையாவும் நெய்யறதும் உண்டு. அதனால ரெண்டு பக்க இழையையும் பாரு. இதையும் வீடியோ எடு. டேக்கை வெட்டாதே, ஃபால் தைக்கக் குடுக்காதே.

இனிமேதான் உண்மையான பேரம். முதல்ல “லைட்டிங்ல கலர் அப்படித் தெரியும் மேடம்”பாங்க. அப்புறம் “200 ரூபா திருப்பித் தர்றோம், புடவையை நீங்களே வச்சுக்கோங்க.” மறுத்தா 300, அப்புறம் 400. இந்தச் சின்னத் தொகையை வாங்கிக்கிட்டு ‘ஓகே’ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டா, பிரச்சினை தீர்ந்துதுன்னு அதையே காட்டுவாங்க. “ரிட்டர்ன் பாலிசி இல்லைன்னு பேஜ்லயே போட்டிருக்கோமே”ன்னு அதட்டினாலும் பயப்படாதே. 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன தன்மை பொருள்ல இல்லைன்னா விக்கிறவங்க திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. பெரிய தளம்னா, புகாரை 48 மணி நேரத்துல பெற்றுக்கிட்டதா சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நீ கோபமா பத்து மெசேஜ் போட வேண்டாம். ஒண்ணு போதும்: “சுத்தப் பட்டு என்று சொல்லி விற்றீர்கள். வந்தது பாலியஸ்டர். வீடியோ இணைத்துள்ளேன். முழுத் தொகையையும் திருப்பித் தந்து, உங்கள் செலவில் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.” தேதி போட்டு அனுப்பு.

நீயே திருப்பி அனுப்ப வேண்டி வந்தா, பேக் பண்றதையும் வீடியோ எடு. எடை அச்சான ரசீதை வாங்கி வை. “காலிப் பெட்டிதான் வந்துச்சு”ன்னு சொல்றது பழைய வித்தை.

கேஷ் ஆன் டெலிவரின்னா அன்னைக்கே கூரியர் கம்பெனிக்கும் ட்ராக்கிங் நம்பரோட புகார் எழுது. வழக்கமா அந்தக் காசு சில நாள் கழிச்சுத்தான் வித்தவங்க கைக்குப் போகும். நிறுத்தி வைப்பாங்கன்னு உறுதி சொல்ல மாட்டேன், கேட்டு வைக்கறதுல நஷ்டம் இல்ல. கிரெடிட் கார்டுன்னா பேங்க்ல சார்ஜ்பேக் கேளு.

அதுக்கும் மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு வாங்கிட்டு ஆளே மாயமானா அது மோசடி. 1930-ல சொல்லு, எவ்வளவு சீக்கிரம் சொல்றியோ அவ்வளவு நல்லது. கடைசியா நுகர்வோர் ஆணையம். வித்தவங்க சூரத்துல இருந்தாலும் நீ குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். பொருளோட விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயமில்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு.

இதுக்கு நடுவுல இன்னொரு கும்பல் காத்திருக்கும். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுள்ல தேடாதே, ஆப்புக்குள்ள இருக்கறதை மட்டும் எடு. ரீஃபண்டுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணு, யுபிஐ பின் போடுன்னு யாராவது சொன்னா போனை வச்சுடு. காசு உள்ள வர்றதுக்குப் பின் நம்பரே தேவையில்ல.

புகார் முடியற வரைக்கும் அந்தப் புடவையைக் கவரோட பீரோ மேல் தட்டுல வச்சுப் பூட்டிடு. அம்மா கண்ணுல பட்டா, “பரவால்லடி, கொலுவுக்கு ஆகும்”னு ஃபால் தச்சு முடிச்சுடுவாங்க.