மின்விசிறியும் மின்கட்டணமும்

இல்லங்களில் மின்சாரத்தைச் சிக்கனமாக உபயோகிப்பது பற்றிப் பேச்சு எழுந்தவுடன், பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது விளக்கே ஆகும். அறையை விட்டு நீங்கும்போது விளக்கை அணைப்பது நற்பழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விளக்கைப் பொறுத்தவரை பெரிய ஆதாயம் முன்னரே கிட்டிவிட்டது எனலாம். 60 வாட் இழைவிளக்கு தந்த ஒளியை இன்று 7 முதல் 9 வாட் வரையுள்ள எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகின்றது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தின் வாயிலாக மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்களைச் சென்றடைந்துள்ளன. விளக்கு மாறிய அதே அறையில், கூரையிலிருந்து தொங்கும் மின்விசிறியோ பதினைந்து அல்லது இருபது ஆண்டுகளுக்கு முன் மாட்டப்பட்டதாகவே பல வீடுகளில் இருந்து வருகின்றது.

ஒரு சாதனத்தின் மின்செலவை அறிய அதன் வாட் எண் மட்டும் போதாது. அது எத்தனை மணி நேரம் இயங்குகின்றது என்பதும் தெரிய வேண்டும். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை நாள்தோறும் கால் மணி நேரம் உபயோகிக்கும் இல்லத்தில், அப்பெட்டி இடைவிடாது மின்சாரத்தை எடுப்பதாகவே கொண்டாலும், 30 நாட்களில் ஆகும் செலவு 7.5 யூனிட்டே. 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால் மாதத்தில் 33.75 யூனிட் செலவாகின்றது. கையில் சூடு தெரியும் பெட்டியைக் கண்டு அஞ்சும் இல்லத்தார், ஓசையின்றிச் சுழலும் விசிறியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய வகை மின்விசிறி ஏன் 70 முதல் 80 வாட் வரை எடுக்கின்றது என்பது கவனிக்கத் தக்கது. அதனுள் இருப்பது தூண்டல் மோட்டார். நடுவில் அசையாது நிற்கும் கம்பிச்சுருள்களில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுழலும் காந்தப்புலம் ஒன்று உண்டாகின்றது. அப்புலம் வெளிப்புறக் கூட்டிலுள்ள அலுமினியக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. அதன் பயனாகக் கூடும், அதனுடன் பிணைந்த இறக்கைகளும் சுழல்கின்றன. சுருள்களிலும் அலுமினியக் கம்பிகளிலும் இரும்புத் தகடுகளிலும் சக்தியின் ஒரு பகுதி உஷ்ணமாக மாறிவிடுகின்றது. சிறிய மோட்டார்களில் இந்த விரயம் மிக அதிகம். சில மணி நேரம் சுழன்ற விசிறியை நிறுத்தி அதன் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர் இதனை நன்கு உணர்வர். காற்றுக்காகக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அவ்வெப்பத்திற்கே சென்றுவிடுகின்றது.

‘பி.எல்.டி.சி.’ எனப்படும் புதிய வகை விசிறியில் சுழலும் கூட்டினுள் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. காந்தம் இயல்பாகவே இருப்பதால் அங்கே மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டியதில்லை. சுருள்களுக்கு உரிய கணத்தில் மின்சாரத்தைச் செலுத்தும் பணியைச் சிறிய மின்னணுச் சுற்று ஒன்று செய்கின்றது. ஆதலால் ஏறத்தாழ 30 வாட்டிலேயே அதே காற்று கிடைக்கின்றது. நாளொன்றுக்கு 15 மணி நேரம் என்ற அதே கணக்கில் மாதச் செலவு 13.5 யூனிட். ஒரு விசிறிக்கு மாதம் 20 யூனிட்டுக்குச் சற்று அதிகமாக மிச்சமாகின்றது.

வாங்குவோர் வாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்தலும் கூடாது. குறைந்த வாட்டில் குறைந்த காற்றைத் தருவது சிக்கனமாகாது. ஒரு நிமிடத்தில் விசிறி தள்ளும் காற்றைக் கன மீட்டரில் அளந்து, அதனை வாட் எண்ணால் வகுத்தால் வரும் ஈவே சரியான அளவுகோல். 1,200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்திற்குக் குறைந்தது 210 கன மீட்டர் காற்றைத் தர வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவு காற்றை 75 வாட்டில் தரும் விசிறிக்கு ஈவு 2.8, 35 வாட்டில் தருவதற்கு 6. மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்ட 2023 ஜனவரியில், இவ்வளவுள்ள விசிறி ஒரு நட்சத்திரம் பெற ஈவு 4 ஆகவும், ஐந்து நட்சத்திரம் பெற 6 ஆகவும் இருத்தல் வேண்டும் என்று வகுக்கப்பட்டது.

இனி விலையைப் பார்க்கலாம். புதிய வகை விசிறிக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்கின்றது என்றும், யூனிட் 6 ரூபாய் என்றும், ஆண்டில் எட்டு மாதம் விசிறி தேவை என்றும் கொண்டால், ஆண்டுச் சேமிப்பு 162 யூனிட், அதாவது 972 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் கூடுதல் விலை மீண்டுவிடுகின்றது. இரவு மட்டும் சில மணி நேரம் சுழலும் விசிறிக்கு இக்கணக்குப் பொருந்தாது. அதிக நேரம் சுழலும் விசிறியை முதலில் மாற்றுவதே முறை.

யூனிட் விலை எங்கும் ஒரே சீராக இல்லை என்பதையும் மறத்தலாகாது. பல மாநிலங்களில் செலவு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக உயர்கின்றது. மிச்சமாகும் யூனிட்டுகள் மேற்படியிலிருந்தே கழிவதால், சேமிப்பின் மதிப்பு சராசரி விலையைவிட அதிகமாகும். டெல்லியில் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட சலுகையை உதாரணமாகக் கூறலாம். அதன்படி மாதம் 200 யூனிட் வரை உபயோகிப்போர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 201 முதல் 400 யூனிட் வரை பாதிச் சலுகையே உண்டு. இத்தகைய ஏற்பாட்டில் 215 யூனிட் செலவிடும் குடும்பம் ஒரே ஒரு விசிறியை மாற்றினால் கட்டணம் முழுவதும் நீங்கிவிடும். வாடகை வீட்டில் இருப்போரின் நிலையோ வேறு. விசிறியை வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர், கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். மலிவான விசிறியே வாங்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வீடு மாறும்போது குடியிருப்பவர் தம் விசிறியைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்ற உடன்பாட்டை முன்னரே செய்துகொள்வது இருவருக்கும் நன்மை.

விசிறியை மாற்ற இயலாதோர்க்கும் சில வழிகள் உண்டு. சுவரில் பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இருப்பின், அது மின்தடைச் சுருளால் வேகத்தைக் குறைப்பது. விசிறி எடுக்காத சக்தியில் ஒரு பங்கை அச்சுருள் உஷ்ணமாக்கிவிடும். மின்னணு ரெகுலேட்டரில் இந்த விரயம் சொற்பமே. (பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுவர் ரெகுலேட்டர் ஆகாது. அதனை நீக்கிவிட்டே இணைக்க வேண்டும்.) விசிறி நாளடைவில் மெதுவாகச் சுழன்றால் பெரும்பாலும் கண்டென்சர் பழுதடைந்திருக்கும். அதனை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. எரிந்த மோட்டாருக்கு மீண்டும் கம்பி சுற்றுகையில் கம்பியின் பருமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் முன்போல் அமையாவிடில், விசிறி ஓடும், ஆனால் அதிக மின்சாரம் எடுக்கும். இறக்கையில் படியும் தூசியை அவ்வப்போது துடைத்தலும் வேண்டும்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை விரைவில் ஆவியாக்கி மனிதரின் உடலையே குளிர்விக்கின்றது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி, தன் மோட்டாரின் உஷ்ணத்தை அறைக்குச் சேர்ப்பது ஒன்றையே செய்கின்றது. குளிர்சாதனம் உள்ள இல்லங்களிலோ விசிறி சிறந்த துணை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையிலேயே தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. விசிறியும் மெல்லச் சுழலுமாயின் 26 பாகையே பலருக்குப் போதுமானது.

இவற்றையெல்லாம் எவரும் தம் இல்லத்திலேயே சோதித்து அறியலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை ஒளிரும் என்பது அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல மீட்டர்களில் அவ்வெண் 3,200. குளிர்பதனப் பெட்டி உட்பட அனைத்தையும் பத்து நிமிடம் நிறுத்தி, ஒரு விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, அவ்விளக்கு ஒளிரும் தடவைகளை எண்ண வேண்டும். 3,200 எண்ணுள்ள மீட்டரில், 75 வாட் விசிறிக்குப் பத்து நிமிடத்தில் 40 முறையும், 30 வாட் விசிறிக்கு 16 முறையும் ஒளிரும். பழைய விசிறி 45 அல்லது 50 முறை ஒளிரச் செய்யுமாயின், முதலில் மாற்ற வேண்டியது அதுவே.